வெறும் வண்டி எடை

நேற்றிரவு பதினொன்றே காலுக்குச் செய்தி வந்தது.
அடுத்த பதிப்பிலிருந்து
முப்பத்திரண்டு பிட் இயந்திரங்களுக்கு இடமில்லை.
மூன்றே வரி. அடியில் ஒரு நன்றி.

செக்காலை ரோட்டில் கடையைச் சாத்திக்கொண்டிருந்தேன்.
பாதி இறக்கிய ஷட்டரைப் பிடித்தபடி படித்து முடிப்பதற்குள்
சண்டை மூண்டுவிட்டது.

"வருத்தம்தான்" என்றாள் சிகப்பி.
"யார் பார்த்துக்கொள்வது?
மூன்று பேர் பார்த்த வேலையை இப்போது ஒருத்தன் பார்க்கிறான்,
அவனுக்கும் போன மாதம் குழந்தை பிறந்திருக்கிறது."
ஜபருல்லா விடவில்லை.
"சுதந்திரம் என்று பெயர் வைத்துக்கொண்டு
புது மெஷின் வாங்கு என்றால்
கம்பெனிக்காரனுக்கும் நமக்கும் என்னங்க வித்தியாசம்?"

அதுவரை நியாயமாகத்தான் போனது.
பிறகு, கணினி விழிக்கையில் முதலில் எழ வேண்டிய நிரல் எது
என்ற பத்து வருடப் பகையை எடுத்தார்கள்.
பிறகு உரிம வாசகம்.
பிறகு, கேட்கவே வேண்டாம், எடிட்டர்.

ஒரு மணிக்கு தேவகோட்டை அந்தோணிராஜ்
சம்பந்தமில்லாமல் ஸ்ரீயைக் கொண்டுவந்தான்:
ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, ஶ-வில் தொடங்கும் ஶ்ரீ ஒன்று,
கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு வேறு வேறு,
தேடினால் பாதி அரிசி ஆலைகள் காணாமல் போகின்றன.
ஏழு வருடமாக மூடப்படாத வழு.
அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.
ஆகவே யாரும் பதில் சொல்லவில்லை.

நானும் எதுவும் எழுதவில்லை.
எனக்குத் தெரிந்த முப்பத்திரண்டு பிட் ஒன்று
புதுவயலில் இருக்கிறது.

காலை ஆறரைக்குப் போனேன்.
வயிரவன் மாடர்ன் ரைஸ் மில், எடைமேடை, தகர அறை.
மானிட்டர் தலையில் உமித்தூசி ஒரு விரல் கனம்.
எத்தனை நாளாக விழித்திருக்கிறாய் என்று கேட்டேன்.
நானூற்றுப் பன்னிரண்டு என்றது.
ஐப்பசி மழையில் ஊரே இருண்ட இரவிலும்
பழைய லாரி பேட்டரியைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

எடை போடும் மாயழகுக்கு
இயங்குதளத்தின் பெயர் தெரியாது.
"பச்சையா நம்பர் வரும்க்கா."
வராத நாளில் என்னைக் கூப்பிடுவான்.
இதற்கு இனிமேல் அப்டேட் வராதாம் என்றேன்.
"நல்லதாப் போச்சு" என்றான்.

காளையார்கோயில் பக்கத்திலிருந்து நெல் வண்டி.
பாரத்தோடு ஏறி ஓர் எடை.
இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஓர் எடை.
கழித்தால் நெல்.

இரண்டு எடைக்கும் நடுவே முக்கால் மணி நேரம் கிடைத்தது.
நேற்றிரவை நிறுத்துப் பார்த்தேன்.
இருநூற்று ஆறு பதில்கள்.
பகையை இறக்கினேன், எடிட்டரை இறக்கினேன்,
ஜபருல்லாவின் நாலு நல்ல வசனங்களைக்கூட
மனசில்லாமல் இறக்கினேன்.
இறக்க இறக்கத் தெரிந்தது, வண்டியே பெரிய வண்டி.
மிச்சம் நின்றது சிகப்பியின் ஒரு கேள்வி.
அதற்கும் கீழே,
மூன்று நாற்பதுக்கு, ஒரு சொல்லும் இல்லாமல்
பழைய மெஷின்களுக்கான கெர்னலைத் தானே கட்டி
ஏற்றி வைத்திருந்தாள் அவள்.
அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதனுடன் இருந்த கோப்பைத் திறந்தேன்.
பராமரிப்பவர், முக்காற்புள்ளி, அப்புறம் வெற்றிடம்.
என் பெயரின் முதல் எழுத்தை அடித்திருப்பேன்,
வெளியே ஹாரன்.
"அக்கா, நம்பர் நிக்க மாட்டேங்குது!"

சென்சார் ஒயரை எலி கடித்திருந்தது.
எந்தப் பதிப்பும் அதற்குப் பொறுப்பில்லை.
குனிந்து டேப் சுற்றிவிட்டு எழுந்தபோது
பச்சை எண்கள் தள்ளாடித் தள்ளாடி
ஓரிடத்தில் நின்றன.

ரசீது வந்தது. வண்டி போனது.
கையில் போன், உமி ஒட்டிய திரையில் ஒற்றை எழுத்து,
சேமிக்கவா என்று
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.